கூதல்பாறையில் உறையாத தண்ணீர்

கூதல்பாறை என்ற ஊர் எந்த வரைபடத்திலும் கிடையாது. அளக்க வந்தவர்களை ஊர்க்காரர்கள் வழிமறித்து, "ஊரைத் தாள்ல ஏத்தி நீங்க எடுத்துட்டுப் போயிட்டா நாங்க எங்கய்யா குடியிருக்கிறது?" என்று கேட்டார்கள். கேள்வி நியாயமாகப் பட்டதோ, பதில் சொல்லத் தெம்பில்லையோ, வந்தவர்கள் திரும்பிவிட்டார்கள். ஆகவே என்னால் சரியாக வழி சொல்ல முடியாது. பழனி மலையில், பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகிற உயரத்தில், பஸ் மூச்சிரைத்து நின்று திரும்புகிற இடம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மார்கழியில் அங்கே உறைபனி விழும். புல் வெளுத்துப்போகும். வாளியில் விட்டுவைத்த தண்ணீர் காலையில் கண்ணாடித் தட்டாகக் கையோடு வரும். தண்ணீர் உறைவது இயற்கை. அதைக் கூட்டம் போட்டுத் தடுத்துவிடலாம் என்று நம்புவது நாகரிகம். கூதல்பாறைக்காரர்கள் மிகவும் நாகரிகமானவர்கள்.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குப் பொதுவான பொருள் எதுவானாலும் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய், வீட்டுக்கொருவர் கைவைத்துக் கொடுத்தால்தான் அது செல்லும். விதைப்பூண்டு மூட்டைக்கும் இதுதான், கோயில் மணிக்கும் இதுதான். ஒருமுறை பொதுக்கிணறு ஒன்று வெட்டினார்கள். நல்ல ஊற்று. ஆனால் கிணற்றை வீட்டுக்கு வீடு தூக்கிப்போக முடியாததால் இன்றுவரை அது செல்லாத கிணறாகவே கிடக்கிறது. தண்ணீருக்கு எல்லாரும் ஓடைக்குத்தான் போகிறார்கள்.

ஊரில் ஒரு பள்ளிக்கூடம். அதற்கு ஒரே ஆசிரியை, திண்டுக்கல்லைச் சேர்ந்த லூர்து டீச்சர். அவருக்கு முன்னால் வந்தவர்கள் ஒரு குளிர்காலம்கூடத் தாங்கவில்லை. காரணம் குளிர் இல்லை. லூர்து டீச்சர் மட்டும் தாங்கினார் என்றால் அதற்குக் காரணம் அவர் வீட்டுப் புழக்கடைக்கு வந்துபோகும் பறவைகள். கொண்டைக்குருவி, புதர்ச்சிட்டு, கூட்டமாக வந்து சச்சரவு செய்யும் தவிட்டுக்குருவி. ஓடையும் குட்டையும் ஓரம் உறைந்துகிடக்கும் காலையில், டீச்சர் வைக்கும் தண்ணீருக்காக அவை வேலியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

அரையாண்டு விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்போது டீச்சர் நாலு பேரைக் கூப்பிட்டார். ஊர்த்தலைவரான பெரியதனம் சடையாண்டி, அவர் தங்கை மாயழகு, மாயழகின் புருஷன் போத்திராசு, பெரியதனத்தின் பங்காளி வெள்ளைக்கண்ணு. ஊரில் யோசிக்கும் வேலை இந்த நாலு பேருக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. இதில் போத்திராசு ஒருமுறை வத்தலக்குண்டு வரை போய்வந்தவன் என்பதால் வெளியுலக விஷயங்களில் அவன் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

"கீழே ஒரு பள்ளிக்கூடத்துல இடம் காலியா இருக்குன்னு சொல்லியிருக்காங்க, பெரியதனம்," என்றார் டீச்சர். "போறதா வேண்டாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணலை. இந்த ஊர்ல எனக்குப் பேச்சுத்துணை இந்தப் பறவைங்கதான்."

"நாங்க இருக்கமே, டீச்சர்," என்றான் வெள்ளைக்கண்ணு.

"அதனாலதான் சொல்றேன்," என்றார் டீச்சர். "நான் இல்லாதப்போ தண்ணி உறைஞ்சு கிடந்தா அதுங்க வேற மலைக்குப் போயிரும். திரும்பி வரும்போது புழக்கடையில ஒண்ணாவது தண்ணி குடிச்சிட்டு இருந்துச்சுன்னா நான் இருக்கேன். வெறிச்சோடிக் கிடந்தா அதே பஸ்ல ஏறிப் போயிருவேன்."

பிறகு விவரம் சொன்னார். விடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர் வைக்க வேண்டும். பந்து ஒன்று மிதக்கவிட வேண்டும். காற்றில் அது அசைந்துகொண்டிருந்தால் தண்ணீர் சட்டென்று உறையாது. சட்டியை வெயில் முதலில் விழும் இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். பறவைகள் கூச்சப்படும், ஆட்கள் கிட்டே நிற்கக் கூடாது. சொல்லிவிட்டு வீட்டுச் சாவியைப் பெரியதனத்திடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார்.

ஊர் கலங்கிப்போயிற்று. டீச்சர் போய்விட்டால் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிடுவார்கள், பிள்ளைகள் காட்டுவழியே இறங்கி அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும். அது போக, இன்றைக்கு என்ன கிழமை என்று ஊருக்குச் சொல்லக்கூடியவரும் அவர் ஒருவர்தான்.

மறுநாள் விடியலில் மாயழகு தண்ணீரை வெதுவெதுப்பாகக் காய்ச்சி மண்சட்டியில் ஊற்றினாள். பொதுக்காரியம் ஆயிற்றே, சட்டி வீட்டுக்கு வீடு போனது. ஒவ்வொரு வீட்டிலும் ஆள் எழுந்து, முகம் கழுவி, விபூதி பூசி, தண்ணீரில் கைவைத்துக் கொடுத்தார்கள். ஊரின் கடைசி வீடு வெள்ளைக்கண்ணு வீடு. அவன் கைவைத்தபோது டக்கென்று சத்தம் கேட்டது.

"என்னண்ணே சத்தம்?" என்றாள் மாயழகு.

"தண்ணிக்குள்ள கை போகமாட்டேங்குது ஆத்தா. கதவைச் சாத்தி வச்சிருக்கு."

கூட்டம் கூடியது. தண்ணீர் காய்ந்தது போதவில்லை என்று முடிவாயிற்று. அடுத்த நாள் கொதிக்கக் கொதிக்க ஊற்றினார்கள். முதல் வீடு பெரியதனத்தின் வீடு. அவர் கையை வைத்தார். பதவியில் இருப்பவர் வைத்த கையைச் சட்டென்று எடுக்கக் கூடாது என்பதால் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். சட்டி ஊரைச் சுற்றி வெள்ளைக்கண்ணுவிடம் வந்தபோது இதமான சூட்டில் இருந்தது. அப்படியே புழக்கடைக்குக் கொண்டுபோயிருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். வெள்ளைக்கண்ணு விடவில்லை.

"அண்ணனுக்குன்னா கொதிக்கக் கொதிக்கக் குடுப்பீங்க. எனக்குன்னா ஆறிப்போனதா? நானும் அதே தாத்தா பேரன்தான்."

"அவன் கேக்கிறதுல ஞாயம் இருக்கு மச்சான்," என்றான் போத்திராசு.

பெரியதனம் ஊதிக்கொண்டிருந்த கையைக் கீழே இறக்கிவிட்டு ஆமோதித்தார். மறுநாள் வீட்டுக்கு ஒரு சட்டி என்று ஒரே நேரத்தில் கொதிக்கவைத்து, எல்லாரும் ஒரே நேரத்தில் கைவைத்தார்கள். ஊரில் சமத்துவம் வந்தது. தண்ணீர் மட்டும் புழக்கடைக்குப் போகவில்லை, சட்டியைத் தூக்க யாருக்கும் கை இல்லை.

கைக்கட்டுகள் கொஞ்சம் தளர்ந்ததும் பந்தை எடுத்தார்கள். பள்ளிக்கூடத்துப் பந்து. அதைப் புழக்கடைச் சட்டியில் மிதக்கவிட்டு, டீச்சர் சொன்ன காற்றுக்காகக் காத்திருந்தார்கள். உறைபனி விழுவது காற்றடங்கிய நாட்களில்தான் என்பது புவியியல் புத்தகங்களில் எழுதப்பட்டிருக்கிறது. கூதல்பாறையில் புத்தகம் வைத்திருந்தவர் திண்டுக்கல்லில் இருந்தார்.

"காத்து வரலை," என்றார் பெரியதனம்.

"வத்தலக்குண்டுல இப்பிடிக் காத்து இல்லாட்டி விசிறியைப் போடுவாக," என்றான் போத்திராசு.

விசிறி இல்லாததால் வீட்டுக்கொரு முறம் கொண்டுவந்தார்கள். சட்டியைச் சுற்றி நின்று மாற்றி மாற்றி வீசினார்கள். சூடான எதையும் வீசினால் ஆறும் என்பதை அந்த ஊரில் எல்லாப் பெண்களும் அறிவார்கள். ஆனால் அது சோற்றுக்கு என்று நினைத்திருந்தார்கள். பறவைகள் வேலியை விட்டு தூரத்து மரத்தின் உச்சியில் போய் உட்கார்ந்து, பந்துக்கு இத்தனை புழுக்கமா என்பதுபோலப் பார்த்தன. சிறிது நேரத்தில் பந்து அசைவதை நிறுத்திக்கொண்டது.

"தண்ணி பந்தைப் பிடிச்சுக்கிச்சு," என்றான் வெள்ளைக்கண்ணு.

"நீ என்னத்தைக் கண்ட? பந்துதான் தண்ணியை விடமாட்டேங்குது," என்றான் போத்திராசு.

"முதல்ல யாரு பிடிச்சதுன்னு தெரியாம பேசாதீக," என்றாள் மாயழகு. "நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பந்து பேசாம இருந்துச்சு."

இரண்டையும் விலக்கிவிடுவது என்று முடிவாயிற்று. பெரியதனம் குழவிக்கல்லால் ஒரு தட்டுத் தட்டினார். சட்டி உடைந்து தனியே போனது. பந்தும் பனிக்கட்டியும் பிரியாமல் இருந்தன. அந்த ஒற்றுமையைப் பார்த்து வெள்ளைக்கண்ணு கண்கலங்கினான். அவனுக்கும் அவன் தம்பிக்கும் வரப்புத் தகராறு.

மாயழகு புதுச் சட்டி கொடுத்தாள். இனி மிஞ்சியிருந்தது வெயில்.

"வெயில் முதல்ல விழுறது எங்க வீட்டு மேலதான்," என்றார் பெரியதனம். "எங்க அப்பா காலத்துல இருந்து அப்பிடித்தான். பெரியதனத்துக்குள்ள மரியாதை அது."

"எங்க வீட்டுல விழுந்துட்டுத்தான்ணே உங்க வீட்டுக்கு வருது. நீங்க தூங்கி எந்திரிக்கிறது லேட்டு," என்றான் வெள்ளைக்கண்ணு.

ஆளாளுக்குத் தங்கள் வீட்டு முன்னால் நின்று பார்த்தார்கள். எல்லாருக்கும் வெயில் தங்கள் வீட்டில்தான் முதலில் விழுந்தது. சண்டை வரும்போல் இருந்தபோது போத்திராசு கையை நீட்டி மலைமுகட்டைக் காட்டினான். ஊர் இருட்டாக இருக்கும்போதே முகடு மஞ்சளாகிவிடும்.

"சரி, அது யாரு வீடும் இல்லை," என்றார் பெரியதனம் நிம்மதியாக.

"ஆனா டீச்சர் புழக்கடையிலன்னுல்ல சொன்னாக?" என்றாள் மாயழகு.

"அதுக்கென்ன? முகட்டுல போயி வெயிலை வாங்கிக்கிட்டுப் புழக்கடைக்குக் கொண்டாந்திருவம்," என்றான் போத்திராசு.

மறுநாள் விடியுமுன் தண்ணீர்ச்சட்டியோடு முகட்டுக்கு ஏறினார்கள். வெயில் விழுந்ததும், அது சிந்திவிடாதபடி சட்டியை நாலு பேராகப் பிடித்துக்கொண்டு செங்குத்தாக இறங்கினார்கள். வெயிலைக் கவனித்த அளவுக்குத் தண்ணீரைக் கவனிக்க முடியவில்லை. புழக்கடைக்கு வந்து சேர்ந்தபோது சட்டி காலியாக இருந்தது. வேலியோரம் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார்கள். முற்பகல் வரை பார்த்தார்கள்.

"உறையலை," என்றார் பெரியதனம் மெதுவாக.

போத்திராசு போய்க் குனிந்து பார்த்தான். "ஒரு பொட்டு உறையலை மச்சான்."

கூதல்பாறையின் சரித்திரத்தில் அது பெரிய நாள். ஊர் முழுக்கச் சர்க்கரைப்பொங்கல் வைத்தார்கள். பறவைகளும் இறங்கிவந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தன. பிறகு ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு போய்விட்டன.

இரண்டொரு நாள் கழிந்துதான் ஊருக்கு உறைத்தது. தண்ணீர் உறையாமல் இருந்தும் வேலி காலியாக இருந்தது. தூரத்து மரத்தில் சில கொண்டைக்குருவிகள் மட்டும், போவதா இருப்பதா என்ற யோசனையில் உட்கார்ந்திருந்தன. டீச்சர் வரும் நாளும் நெருங்கிவிட்டது. எந்த நாள் என்று தெரியாததால் இன்னும் அதிகமாக நெருங்கிவிட்டதுபோல் இருந்தது.

"எல்லாஞ் செஞ்சாச்சு," என்றான் வெள்ளைக்கண்ணு உடைந்த குரலில். "எம் மகன் இப்பத்தான் ஒண்ணாப்பு. டீச்சர் போயிட்டா அவனும் என்னைமாதிரி யோசிக்கிற வேலைக்குத்தான் வரணும்."

அப்போதுதான் மாயழகு சொன்னாள்.

"அண்ணே, எங்க அடுப்படிப் பானையில தண்ணி உறைஞ்சு நான் பாத்ததே இல்லை."

அனைவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரியதனம் எழுந்து நின்றேவிட்டார்.

"அப்ப தண்ணி மேல குத்தம் இல்லை. புழக்கடை மேலதான் குத்தம்."

"அப்பிடித்தான் தெரியுது."

"தண்ணி அடுப்படியிலயே இருக்கட்டும். பறவைகளை உள்ள வரச்சொல்லுவம்."

"நாம இருந்தா அதுகளுக்குக் கூச்சம்," என்று போத்திராசு நினைவுபடுத்தினான்.

அதற்கும் வழி இருந்தது. எல்லா வீட்டிலும் அடுப்பை மூட்டி, பக்கத்தில் சட்டி நிறையத் தண்ணீர் வைத்து, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, ஊர் மொத்தமும் பிள்ளைகுட்டிகளோடு கம்பளியை எடுத்துக்கொண்டு அவரவர் புழக்கடைக்குக் குடிபோனது. ஒரு வீடு செய்ததை மற்ற வீடும் செய்தால்தானே முறை என்று டீச்சர் வீட்டையும் திறந்து அப்படியே செய்தார்கள்.

பறவைகள் முதலில் சந்தேகப்பட்டன. பிறகு சன்னலில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தன. உள்ளே கதகதப்பு, தண்ணீர், மூட்டை மூட்டையாகக் கேப்பை. நல்ல செய்தி மலையில் வேகமாகப் பரவும். மறுநாள் மாலைக்குள், வேறு மலைக்குப் போய்விட்ட பறவைகள்கூடச் சொந்தபந்தங்களை அழைத்துக்கொண்டு திரும்பிவிட்டன. வீட்டுக்குள்ளிருந்து வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, புருவத்தில் பனி படிய, கூதல்பாறை மனநிறைவோடு நடுங்கியது. விறகு போட ஆள் உள்ளே போக நேர்ந்தால் வாசலில் நின்று இருமிவிட்டுத்தான் போனார்கள்.

இப்படியிருக்க, ஒருநாள் காலை பஸ் வந்து நின்றது. லூர்து டீச்சர் இறங்கினார். தெருவில் ஆள் இல்லை. நேரே தன் புழக்கடைக்குப் போனார். வேலியில் ஒரு பறவை இல்லை. சட்டியில் ஒரு சொட்டு இல்லை. பக்கத்துப் புழக்கடையில் கம்பளிக்குள் நாலு தலைகள் வரிசையாகத் தெரிந்தன. சத்தம் கேட்டு மற்றவர்களும் கம்பளியோடு வந்து வேலியோரம் நின்றார்கள்.

"பெரியதனம், பறவையெல்லாம் எங்க?"

"வீட்டுல இருக்கு டீச்சர்."

"நீங்க?"

"நாங்க புழக்கடையில."

டீச்சர் சன்னல் வழியே தன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். கைப்பையைக் கீழே வைக்கவில்லை.

"புழக்கடையில தண்ணி குடிக்கணும்னு சொல்லிட்டுப் போனேன். ஒண்ணுகூட இல்லை. நான் சொன்ன சொல் சொன்னதுதான். பஸ் திரும்புறப்போ நானும் போறேன்."

வெள்ளைக்கண்ணு பாய்ந்துபோய்ப் புதுச் சட்டியில் குடத்துத் தண்ணீரை ஊற்றி வைத்தான். வெயில் ஏறியிருந்ததால் அது உறையவில்லை. ஆனால் குடிக்க யாரும் வரவில்லை. ஊர் அவசரமாகக் கூடியது. டிரைவர் டீ குடித்து முடிக்கும் வரைதான் நேரம்.

"உள்ள போயி விரட்டிவிடுவமா?" என்றான் வெள்ளைக்கண்ணு.

"குடியிருக்கிறவகளை விரட்டுறதா? நம்ம ஊர்ல அப்பிடி ஒரு பேரு வரக் கூடாது," என்றார் பெரியதனம்.

போத்திராசு நெற்றியைச் சுருக்கினான். அவன் யோசிக்கும்போது ஊர் அமைதி காக்கும்.

"டீச்சர், ஒரு விசயம். வீட்டுக்குள்ள இருக்கிறவக வீட்டுக்காரவுக. புழக்கடையில வந்து நிக்கிறது பறவை. சரிதானே?"

"சரி."

"அப்ப இப்ப இருக்கிற நெலமைக்கு வீட்டுக்காரவுக அவுக. பறவை நாங்க." சட்டியில் ஒரு கை அள்ளிக் குடித்தான். "புழக்கடையில தண்ணி குடிச்சாச்சு. நீங்க இருக்கணும்."

ஊர் அவனைப் பெருமையோடு பார்த்தது. டீச்சரும் பார்த்தார்.

"பறவைன்னா பறந்து காட்டு, போத்திராசு."

அவர் அதைச் சலிப்பில் சொன்னார். போத்திராசு பேச்சு மாறாதவன். டீச்சர் வீட்டுச் சுவரைப் பிடித்து ஓட்டுக்கூரை மேல் ஏறினான். மாயழகு கீழேயிருந்து, "கம்பளியை விரிச்சுக்கங்க, அதுதான் ரெக்கை," என்றாள். அவன் விரித்தான். இரண்டு தடவை அடித்துப் பார்த்தான். மூன்றாவது அடிக்குள் காலடியில் ஓடு உடைந்து, நின்ற வாக்கில் வீட்டுக்குள் இறங்கினான்.

பறவைகளுக்கென்று உள்ளே ஊர் போட்டுவைத்திருந்த கேப்பை மூட்டை மேல் விழுந்ததால் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பளியும் தூசியுமாக மேலிருந்து ஓர் உருவம் விழுந்ததில் பறவைகள் மொத்தமும் கதவிலும் சன்னலிலும் பிய்த்துக்கொண்டு வெளியேறின. அந்தச் சத்தத்தில் பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு என்று ஊர் முழுக்க வீடுகள் காலியாயின. வானத்தில் ஒரு சுற்று. பிறகு ஒன்று, டீச்சர் வீட்டுப் புழக்கடை வேலியில் வந்து உட்கார்ந்தது. கொண்டை சிலிர்க்கத் தலையைச் சாய்த்துப் பார்த்தது. இறங்கிச் சட்டி விளிம்பில் நின்று அலகை நனைத்தது. அதைப் பார்த்து இன்னொன்று. பிறகு வேலி தெரியாத அளவுக்குப் பறவைகள்.

பஸ் ஹாரன் அடித்தது.

டீச்சர் கண்ணெடுக்காமல் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹாரன் மறுபடி அடித்தது. "நான் வரலைன்னு யாராவது போய்ச் சொல்லுங்க," என்றார்.

நாலு பேர் ஓடிப்போய்ச் சொன்னார்கள். பஸ் போய்விட்டது. வெள்ளைக்கண்ணு தன் மகனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். பெரியதனம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, "டீச்சர், இன்னைக்கு என்ன கெழமை?" என்றார்.

"திங்கள்," என்றார் டீச்சர். ஊர் மொத்தமும் பெருமூச்சு விட்டது. "சரி, போதும். எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குள்ள போங்க. பிள்ளைங்க உதடெல்லாம் நீலமா இருக்கு."

சொல்லிவிட்டு அவர் பையை எடுத்துக்கொண்டு, பின்கதவைத் தள்ளித் தன் வீட்டுக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டார்.

புழக்கடையில் யாரும் அசையவில்லை. ஊர், சாத்திய கதவைப் பார்த்தது. பிறகு வேலியில் வெயில் காய்ந்துகொண்டிருந்த வீட்டுக்காரர்களைப் பார்த்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டது.

"வீட்டுக்காரவுக வெளிய உக்காந்திருக்காக," என்றாள் மாயழகு தாழ்ந்த குரலில். "ஒரு வார்த்தை கேக்காம விறுவிறுன்னு உள்ள போயிட்டாகளே."

"சத்தமாப் பேசாத ஆத்தா," என்றார் பெரியதனம், கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு. "படிச்சவங்க அப்பிடித்தான் இருப்பாங்க. பள்ளிக்கூடம் நடக்கணும்னா நாமதான் கொஞ்சம் பொறுத்துப் போகணும்."